துண்டு, தாதன், இக்காமா

நான் வீரவநல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். 21 ஆண்டுகளாக இந்த வட்டாரத்துத் தாள்கள் என் கை வழியாகப் போய்வருகின்றன. பட்டா, சிட்டா, சாதிச் சான்று ஆகியவற்றை விட்டால் நான் அதிகமாக நகல் எடுத்திருப்பது பாஸ்போர்ட்டுகளைத்தான். சவூதி, குவைத், துபாய், சிங்கப்பூர் என்று ஆள் போகாத தெரு எங்கள் பக்கத்தில் கிடையாது. ஏழெட்டு ஆண்டுகளாக இவற்றோடு இன்னொரு வகைத் தாளும் சேர்ந்திருக்கிறது. மேற்கு வங்கத்து மால்டா, முர்ஷிதாபாத், பீகாரின் கதிஹார் என்று முகவரி போட்ட ஆதார் அட்டைகள் அவை. ஒரே நாள் காலையில் குவைத் விசாத் தாளும் மால்டா ஆதாரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடித் தட்டில் கிடப்பது எனக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்று உண்டு. குவைத் விசாவுக்கு நகல் எடுக்க வந்தவரே, பக்கத்தில் நிற்கும் மால்டாப் பையனைக் கண்ணால் காட்டி, "இவனுவ வந்துதான் அண்ணாச்சி நம்ம பொழப்பு போச்சு" என்று தாழ்ந்த குரலில் சொல்வதைத்தான் சொல்கிறேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். குவைத்தில் தம்மைப் பற்றி இதே பேச்சை வேறு மொழியில் பேசுகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும் அந்தக் கணக்கை இந்தக் கணக்கோடு அவர் சேர்த்துப் பார்ப்பதில்லை.

வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று மேடையில் முழங்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. வந்தவன் எப்படி வாழ்கிறான் என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடக்கூடிய வாசகம் அது. ஒருபுறம் இந்த உபசாரம், மறுபுறம் 'வடக்கன்' என்ற ஏச்சு. இரண்டுக்கும் நடுவில் யாரும் கேட்காமல் கிடக்கும் கேள்வி, வெளியிலிருந்து வரும் ஆள் உள்ளூர் ஆளைவிட ஏன் மலிவாகக் கிடைக்கிறான் என்பது. என் குடும்பத்திலும் என் கடையிலும் நான் கண்ட விடையை எழுதவே இந்தக் கட்டுரை.

எங்கள் வயல்கள் கன்னடியன் கால்வாயில் பாய்பவை. தாமிரபரணியிலிருந்து பிரியும் இந்தக் கால்வாயை, கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த பெரும்பொருளைக் கொண்டு வெட்டுவித்தார் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை. கார், பிசானம் என்ற இரண்டு பருவங்களில் காருக்குப் பல ஆண்டுகள் தண்ணீர் கிடைப்பதில்லை என்பதால் பிசானம்தான் ஊருக்குச் சோறு. பிசான நடவுக்குப் பெண்கள் கூட்டங்கூட்டமாக இறங்குவார்கள். என் எதிர்வீட்டு மைனி அப்படிப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கூட்டத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வந்தவர். எந்த வயலில் தொளி கெட்டியாக இருக்கும், எந்த வயலில் முழங்கால் வரை இறங்கும் என்பதெல்லாம் அவருடைய கால்களுக்குத் தெரியும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பிசானத்தில், அவர் வழக்கமாக நடும் வயலில் மால்டாவிலிருந்து வந்த பதினான்கு ஆண்கள் இறங்கியிருந்தார்கள். மைனி வரப்பில் நின்று பார்த்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தார். அவர் பேச்சில் கோபத்தைவிடக் கணக்குதான் அதிகம் இருந்தது. "நாங்க நாளுக்குக் கூலி பேசுதோம். அவனுவ ஏக்கருக்குப் பேசுதானுவ. வெளிச்சம் வாறதுக்கு முந்தி எறங்குதானுவ, இருட்டுத வரைக்கும் கரையேற மாட்டக்கானுவ. வீட்டுல சோறு பொங்கணும், பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்னு அவனுக்கு உண்டா? நான் எப்பிடிய்யா அவன்கூடப் போட்டி போடுவேன்?"

இந்தக் கேள்வியை வெறுப்பு என்று ஒதுக்குகிறவர்கள், நடவுக் கூலியை நம்பி ஒரு மழைக்காலத்தைக்கூடக் கடந்திராதவர்கள். வயல்காரருக்கும் ஒரு நியாயம் இருந்தது. மைனியின் கூட்டத்தில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இளையவர்கள் பீடி சுற்றவும் ஜவுளிக் கடைகளுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். தண்ணீர் திறந்த பிறகு ஒரே வாரத்தில் எல்லா வயலுக்கும் ஆள் வேண்டும். ஆள் இல்லை என்று அவர் சொன்னது பொய் அன்று. ஆனால் முழு உண்மையும் அன்று என்பதை அந்தக் கூட்டத்துப் பையன் ஒருவனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தப் பதினான்கு பேரில் ஒரு பையனுக்கு இருபது வயது இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப வாரந்தோறும் என் கடைக்கு வருவான். ஏக்கருக்கு 4,500 ரூபாய் பேசியிருப்பதாக வயல்காரரே என்னிடம் சொல்லியிருந்தார். ஒரு நாளில் அவர்கள் மூன்று ஏக்கர் நட்டு முடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் தலைக்கு 950 ரூபாய்க்கு மேல் வர வேண்டும். இவன் அனுப்பும் தொகையோ அதற்குப் பொருந்தவே இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். அவன் இடுப்பிலிருந்து மடித்துச் சுருண்ட ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினான். வங்காள எண்கள் சிலவற்றை அதற்குள் நான் கற்றிருந்தேன் என்று நினைத்திருந்தேன். நாள் கூலி என்று அவன் விரல் வைத்த இடத்தில் 850 என்று படித்தேன். பரவாயில்லை என்றுதான் தோன்றியது. அவன் தலையை ஆட்டி மறுத்து, நான்கு விரல்களை நிமிர்த்திக் காட்டினான். வங்காளத்தில் 4 என்ற எண், பார்ப்பதற்கு நம்முடைய 8 போலவே இருக்கும். அங்கே எழுதியிருந்தது 450.

மைனியின் கூட்டத்துப் பெண்கள் அந்த ஆண்டு வாங்கிய நாள் கூலி 500 ரூபாய், பிற்பகலில் கரையேறிவிடுவார்கள். விடியுமுன் இறங்கி இருட்டும் வரை நட்ட இவனுக்கு 450. மீதி, அவர்களைக் கூட்டிவந்த மேஸ்திரிக்கு. அந்த 450இலும் சாப்பாட்டுப் பங்கு, ரயில் கட்டணம், தங்கும் கொட்டகைக்கு ஒரு தொகை என்று கழித்துக்கொண்டே வந்திருந்தார்கள். பக்கத்தின் தலைப்பில் 12,000 என்று ஓர் எண்ணும் அதற்குமேல் ஒரு சொல்லும் இருந்தன. என்ன சொல் என்று கேட்டேன். "தாதன்" என்றான். கோடையில் வீட்டில் அரிசி இல்லாத நாளில் அவன் தகப்பனார் கையில் மேஸ்திரி கொடுத்த முன்பணம். அது கழியும் வரை அவன் வேறு கூட்டத்துக்குப் போக முடியாது. பருவம் முடியாமல் ஊருக்கும் போக முடியாது. மூல ஆதார் அட்டை மேஸ்திரியின் பையில் இருந்தது. அவன் ஏன் எப்போதும் நகலை வைத்துக்கொண்டே நகல் எடுக்க வருகிறான் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

மைனியின் வேலையைப் பறித்தது மால்டாப் பையனின் கை என்று பார்த்தால் வெறுப்புத்தான் மிஞ்சும். அந்த 12,000 ரூபாய்தான் பறித்தது என்று பார்த்தால், மைனியும் அந்தப் பையனும் ஒரே பக்கத்தில் நிற்பது தெரியும்.

இந்தச் சொல் என் காதுக்குப் புதிது, பொருள் புதிதன்று. என் தாத்தா இதையே 'துண்டு' என்று சொல்லுவார். 1912 வாக்கில், ஆறு வயதுப் பிள்ளையாக, தம் தகப்பனாரோடு தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அழைத்துப் போனவர் பக்கத்து ஊர்க் கங்காணி. கப்பல் கூலி, கம்பளி, வழிச் சாப்பாடு, ஊரில் விட்டுவந்த கடன் எல்லாம் கங்காணியின் பேரேட்டில் ஏறியிருக்கும். ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்துக்கு எவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். அந்தத் தொகையைக் கொடுக்கும் வேறொரு தோட்டத்துக்குக் கூட்டத்தோடு மாறலாம். மாறிப் போனால் கடனும் கூடவே போகும். ஆள் போவதே கடனாகத்தான். இந்த முறையை இலங்கை அரசு 1921இல் சட்டம் போட்டு ஒழித்தது. கங்காணியின் பேரேடு அதன் பிறகும் வெகுகாலம் இருந்ததாகத் தாத்தா சொல்லுவார்.

இலங்கையில் பிறகு நடந்ததை, இன்று 'வடக்கன்' பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்க என்ற தொழிற்சங்கத் தலைவர் இருந்தார். 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும் 1929ஆம் ஆண்டு டிராம் வேலைநிறுத்தத்தையும் நடத்தியவர். சிங்களர், தமிழர், மலையாளி என்று பாராமல் தொழிலாளரைத் திரட்டியவர். உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்து வேலை அரிதானபோது, அதே தலைவர் மலையாளித் தொழிலாளரை வெளியேற்ற வேண்டும் என்று பேசத் தொடங்கினார். முதலாளியோடு மோதிக் கூலியை உயர்த்துவது கடினமாகிவிட்ட காலத்தில், பக்கத்தில் நிற்கும் அயலானைத் தள்ளிவிடுவது எளிதாகத் தெரிந்தது. அவர் தொழிலாளர் மேல் அக்கறை இல்லாதவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அக்கறையுள்ளவருக்கே இந்த வழுக்கல் நேர்ந்தது என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

1939இல் இலங்கை அரசுத் துறைகளில் நாள் கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். பேச்சு நடத்த நேரு கொழும்புக்குப் போனார்; பயன் கிட்டவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதற்கு இந்திய அரசு தடை போட்டது. விடுதலைக்குப் பிறகு 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனாரும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும் என்றது. லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த தலைமுறைக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்கள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1949இல் அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று. இந்த அநீதியின்போது இலங்கைத் தமிழர் கட்சியே பிளந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மொழி ஒன்று என்பது எல்லாரையும் எப்போதும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிடுவதில்லை.

அந்தக் குடியுரிமைச் சட்டம் வேண்டும் என்று கேட்ட கண்டிச் சிங்கள உழவர்களின் குறை கற்பனையானது அன்று. 1840இல் ஆங்கில அரசு கொண்டுவந்த முடிக்குரிய நிலச் சட்டத்தின் வழியாக அவர்களுடைய காட்டு நிலங்கள் பறிபோயின; அந்த நிலங்களில்தான் முதலில் காப்பியும் பின்பு தேயிலையும் வந்தன. நிலத்தை எடுத்தது அரசு. இலாபம் பார்த்தது துரை. கண்ணுக்குத் தெரிந்தது கூடையைச் சுமந்த தமிழச்சி. கோபம் அவள்மேல் இறங்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. அந்த மிச்சத்தையும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். நெல் அளப்பதைப் போல ஆளை அளந்த ஒப்பந்தம் அது. யாரையும் கேட்டுச் செய்ததன்று.

என் தாத்தா 1971இல் கண்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையோடு தலைமன்னாரில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார். உடன் வந்த என் தகப்பனார் மலையகத்து டிக்கோயாவில் பிறந்தவர். அதுவரை இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவருக்கு இங்கே 'சிலோன்காரன்' என்று பெயர் வந்தது. 1975இல் இந்த ஊரிலேயே பிறந்த என்னையும் பள்ளிக்கூடத்தில் 'சிலோன்கார வீட்டுப் பையன்' என்றுதான் கூப்பிட்டார்கள். ரேஷன் கடையில் எங்கள் அட்டையை எடுத்து ஒருமுறைக்கு இருமுறை திருப்பிப் பார்ப்பார்கள். அந்தக் குடும்ப அட்டையைத் தாத்தா சாகும் வரை டிரங்குப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார். அவர் போன பின்பு அதை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மடிப்பு விழுந்த இடத்தில் தாத்தாவின் பெயரில் பாதி எழுத்துகள் அழிந்துவிட்டன.

நாடு என்ற எல்லையே இல்லாத இடத்திலும் இதே பேச்சு வந்திருக்கிறது. தாராவியில் நெல்லைச் சீமைக் குடும்பங்கள் எத்தனை என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஓர் உறவையாவது சொல்வார்கள். 1966இல் சிவசேனை தொடங்கப்பட்டபோது அதன் முதல் இலக்கு 'மதராசிகள்'. 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' (குழலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு) என்ற முழக்கத்தை என் பெரிய மாமா தமக்கு மராத்தி தெரியாத நாளிலேயே பொருளறிந்து வைத்திருந்தார். இந்தியக் குடிமகன், இந்திய மண், இந்திய அரசமைப்பு. அவை மூன்றும் இருந்தும் உடுத்திய வேட்டி அவரை அயலானாக்கியது.

வளைகுடாவின் கதையை நான் தங்கையின் வீட்டிலிருந்து அறிவேன். தங்கையின் கணவர் 2008இல் 1,20,000 ரூபாய் கொடுத்து 'ஃப்ரீ விசா' ஒன்றில் சவூதியின் தம்மாமுக்குப் போனார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் இந்தியச் சட்டப்படி இன்று வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் என்பதை, அத்தொகையைப் போல மூன்று நான்கு மடங்கு கொடுத்துவிட்டு என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் இப்போது சொல்வதுண்டு. ஃப்ரீ விசா என்பது பெயரளவில்தான். கஃபில் என்ற உள்ளூர்ப் பொறுப்பாளி ஒருவரின் பெயரில் விசா இருக்கும். வேலை வேறிடத்தில் பார்க்கலாம். அதற்காக மாதாமாதம் கஃபிலுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். மாப்பிள்ளையின் இக்காமாவில், அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையில், வீட்டு ஓட்டுநர் என்று இருந்தது. அவர் ஏசி பழுதுபார்ப்பவர். கார் ஓட்டத் தெரியாதவர். கஃபில் மனம் மாறி, ஆள் ஓடிவிட்டான் என்று 'ஹுரூப்' எழுதிக் கொடுத்துவிட்டால் அன்றோடு அவர் குற்றவாளி. ஆகவே கடைக்காரர் கொடுத்த சம்பளம் எதுவானாலும் அவர் வாங்கிக்கொண்டார்.

2011இல் அறிவித்த நிதாகத் திட்டத்தைச் சவூதி அரசு 2013இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சவூதிக் குடிமக்கள் எத்தனை விழுக்காடு என்று பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை, பிளாட்டினம் என்று வண்ணம் பிரித்தார்கள். தாள் சரியில்லாதவர்கள் சரிசெய்துகொள்ளவோ வெளியேறவோ நவம்பர் 3 வரை கெடு கொடுத்தார்கள். மாப்பிள்ளை அக்டோபரில் எக்ஸிட் என்ற வெளியேறும் அனுமதி வாங்கித் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார். சவூதி இளைஞர்கள் தங்கள் நாட்டில் வேலை கேட்டதில் என்ன தவறு? அந்தக் கோரிக்கை நியாயமானது என்றுதான் மாப்பிள்ளையே சொல்லுவார். அவர் சொல்லும் இன்னொன்றுதான் முக்கியம். "என்னைய எங்க வேணும்னாலும் வேலை பாக்கலாம்னு விட்டிருந்தா, நானும் சவூதிக்காரன் கேக்குத சம்பளத்தத்தான் கேட்டிருப்பேன். கேக்க விடாமக் கட்டிப்போட்டுட்டு, கொறச்ச சம்பளத்துக்கு வந்தவன்னு வெரட்டுனா என்ன நியாயம்?"

இதையே நான் வயலிலும் கண்டேன். துண்டு, தாதன், இக்காமா ஆகிய மூன்றும் மூன்று நாட்டுச் சொற்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. தொழிலாளி இடம் மாற முடியாதபடி கட்டுகின்றன. கட்டப்பட்டவன் பேரம் பேச முடியாது. பேரம் பேச முடியாதவன் மலிவாகக் கிடைப்பான். மலிவானவன் வந்தால் உள்ளூர்க்காரன் கூலி இறங்கும். உள்ளூர்க்காரனின் கோபத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் வந்தவனின் பிறப்பிலோ மொழியிலோ இல்லை. கத்தார் 2020இல், முதலாளியின் ஒப்புதல் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. மறு ஆண்டு மார்ச்சிலிருந்து எந்த நாட்டவருக்கும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலி என்று வைத்தது. அங்கிருந்து விடுப்பில் வருகிறவர்கள் அது முழுமையாக நடப்பதில்லை என்கிறார்கள். ஆயினும் தாளைத் தளர்த்துவது அரசால் முடியாத காரியம் அன்று என்பதற்கு அது சான்று.

நம் நாட்டுச் சட்டமும் இந்த நோயை அறியாததன்று. 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் பிறந்ததற்கே, ஒடிசாவில் தாதன் கொடுத்து ஆள் பிடித்துக்கொண்டு போகும் வழக்கம்தான் காரணம். அந்தச் சட்டம், ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும், போகவரச் செலவு கொடுக்க வேண்டும், அதே வேலை பார்க்கும் உள்ளூர் ஆளுக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்றெல்லாம் சொன்னது. ஐந்து பேர் இருந்தாலே அது பொருந்தியது. 2020இல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பைப் பத்துப் பேர் என்று உயர்த்தியது. கடனுக்காக ஆளைப் பிடித்துவைப்பதே குற்றம் என்று கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லிருந்தே சொல்கிறது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் ஒன்றுகூட நகலுக்காக என் கடைக்கு வந்ததில்லை. வடக்கனை விரட்டு என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள், அந்தப் புத்தகம் எங்கே என்று ஒருமுறை கேட்டிருந்தால் மைனிக்கு உதவியாக இருந்திருக்கும்.

மொழியும் அடையாளமும் பற்றிய அச்சத்தை நான் எள்ளளவும் குறைத்துப் பேச மாட்டேன். 2017இல் அஞ்சல் துறைத் தேர்வு முடிவு வந்தபோது, தமிழே அறியாத வடமாநிலத்தவர் தமிழ்த் தாளில் நம் பிள்ளைகளைவிட அதிக மதிப்பெண் பெற்றிருந்தது வெளிப்பட்டது. அந்தக் கோபம் முற்றிலும் சரி. தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கியதும் சரி. ஆனால் அரசுப் பணிக்குத் தேர்வு எழுதுகிறவரின் பிரச்சினை வேறு, தொளியில் நிற்கிறவனின் பிரச்சினை வேறு. முன்னதன் கோபத்தைப் பின்னவன் தலையில் இறக்குவது, துரைமேல் இருந்த கோபத்தைக் கூடை சுமந்தவள்மேல் இறக்கியதைப் போன்றதே. இந்த ஊரில் இரண்டு ஆண்டு தங்கிய பையன்கள் நெல்லைத் தமிழ் பேசுகிறார்கள். கடையநல்லூரிலிருந்து போன முஸ்லிம்கள் சிங்கப்பூரில் 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி கட்டினார்கள். அதனால் சிங்கப்பூர் சிங்கப்பூராக இல்லாமல் போய்விடவில்லை. கற்றுக்கொள் என்று கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. கற்றுக்கொள்ளும் அளவுக்கு அவனை இருக்கவிடும் கடமையும் உண்டு.

2020 மே மாதத்தில், ஊரடங்கின்போது, கூடங்குளம் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் இருந்த வடமாநிலத்தவர் ஊருக்கு அனுப்பச் சொல்லித் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் அங்கே அவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதே எங்கள் மாவட்டத்தில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. 2023 மார்ச் தொடக்கத்தில் வேறொன்று நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி நேரில் விசாரித்தது. காணொளிகள் பொய் என்று தெளிவானது. பரப்பியவர்கள்மேல் வழக்குகள் பதிவாயின. ஆனால் அந்த நான்கைந்து நாள்களை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மாலை நேரம் பரோட்டாக் கடைப் பையன்கள் மூன்று பேர் என் கடைக்குள் வந்து, ஹவுரா வண்டிக்குத் தட்கலில் இடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். அவர்களில் இளையவன் கைப்பேசியை நீட்டி ஒரு காணொளியைக் காட்டினான். பிறகு, "அண்ணா, அடிப்பாங்களா?" என்றான். அது பொய் என்று விளக்கினேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. கடையைப் பூட்டிய பிறகு அவர்களோடு அவர்கள் தங்கியிருந்த அறை வரை நடந்தேன். என் தகப்பனார் யாரிடமாவது இதே கேள்வியைக் கேட்டிருப்பாரா என்று அன்று இரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை.

மைனியின் மூத்த மகன் குவைத்தில் இருக்கிறான். 2020இல், குவைத் மக்கள்தொகையில் இந்தியர் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரைவு அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் பேசப்பட்டபோது, செய்தித்தாளோடு வந்து அது என்னவென்று என்னைப் படித்துச் சொல்லச் சொன்னவர் அவர். 2024 ஜூன் 12ஆம் நாள் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து இந்தியர் 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் தமிழர் ஏழு பேர். அன்று மகனின் குரல் கேட்கும் வரை மைனி என் கடைப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஓர் அறையில் எத்தனை பேரை அடைத்து வைத்திருந்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. மறுநாள் வந்து, மால்டாப் பையன்கள் படுக்கும் கொட்டகையைத் தாம் போய்ப் பார்த்ததாகவும், பதினான்கு பேருக்கு ஒரே வாசல்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

அந்த நோட்டுக் கணக்கை அவரிடம் அப்போதுதான் விரித்துச் சொன்னேன். 450 ரூபாய் என்றதும், "இது எங்க கூலியவிடக் கொறச்சல்லா?" என்றார். பிறகு, "மேஸ்திரிக்கு எவ்வளவு?" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த ஆண்டுப் பிசானத்தின்போது அவர் வயல்காரரிடம் போய், அவனுக்கும் எனக்கும் நாள் கூலியை ஒன்றாக வையுங்கள், அப்புறம் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று கேட்டார். வயல்காரர் சம்மதிக்கவில்லை, மேஸ்திரியோடு பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நான் செய்தது சிறிய காரியம். முன்பணத்தைக் காட்டி யாரையும் பிடித்துவைக்க முடியாது, மூல ஆதாரை வேறொருவர் வைத்துக்கொள்ளக் கூடாது, கூலிக் கணக்கை எழுத்தில் கேட்கலாம், திருநெல்வேலி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் உதவி கிடைக்கும் என்று நான்கு வரிகளை, பணம் அனுப்ப வரும் பையன்களைக் கொண்டே வங்காளத்திலும் இந்தியிலும் எழுதச் செய்து, கடைச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் மேஸ்திரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், வியாபாரம் செய்கிறவருக்கு இது எதற்கு என்றார். தாளை எடுக்கவில்லை என்றால் என் ஆட்களை வேறு கடைக்கு அனுப்புவேன் என்றார். அப்படியே அனுப்பினார். நான்கைந்து பேர் இருட்டிய பிறகு இன்னும் என்னிடமே வருகிறார்கள்.

போன வாரம் மைனி வந்து அந்தச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார். புரியாத எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இதுல கூலின்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். "இதவே தமிழ்லயும் எழுதி, இதுக்குப் பக்கத்துல ஒட்டுய்யா. எங்க கூட்டத்துல உள்ளவளுவளும் படிக்கட்டும்" என்றார். அன்று மாலையே எழுதி ஒட்டினேன்.